ஒருவர் முதுகில் ஒருவர்

எங்கள் குடியிருப்பின் நுழைவாசலில் ஒரு பலகை உண்டு. கீழ்நிலை ஊழியர்களில் அடுத்த வீடு யாருக்குப் போகும் என்கிற காத்திருப்போர் பட்டியல் அதில் ஒட்டியிருக்கும். அந்த வருடம் ஜனவரியில் முதல் பெயர் என் வீட்டுக்காரருடையது. குடியிருப்பின் தண்ணீர் மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் அவருக்கு வேலை. பதினோரு வருடமாக மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற ஒற்றை அறையில் இருந்தோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் யாராவது இதைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். பட்டியலுக்கும் நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அந்த அறை வாசலில்தான் என் இஸ்திரி மேசை. தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று ஆவி விடுகிற பெரிய பெட்டி, பெரிய ஓட்டல் ஒன்று மூடியபோது வாங்கியது. அந்த மாதிரிப் பெட்டி அந்தத் தெருவிலேயே வேறு யாரிடமும் இல்லை. சட்டைப் பையில் கை விட்டுப் பார்க்காமல் இஸ்திரி போட முடியாது. பேனா இருந்தால் மை பரவிவிடும். அப்படிப் பார்த்ததில் தெரிந்துகொண்டவைதான் எல்லாம். மற்றபடி அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்கில்லை.

முதல் மாடியில் இருந்தவரின் பையில் எப்போதும் ஆணி இருக்கும். அதனால் அவர் பெயரே ஆணி. அரசாங்கப் படப்பிரிவில் முப்பத்தாறு வருட சர்வீஸ். ஊரிலுள்ள அலுவலகம், பள்ளி, ஆஸ்பத்திரி, கோர்ட்டு எல்லாவற்றிலும் நாட்டுத் தலைவரின் படத்தை மாட்டுவது, துடைப்பது, வெயிலில் வெளுத்துப்போனால் மாற்றுவது அவர் வேலை. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு ஃபிரேம். தரையிலிருந்து ஏழு அடி. மேல் விளிம்பு சுவரைவிட்டு இரண்டு விரல் முன்னால் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் நாம் எந்த மூலையில் நின்றாலும் தலைவர் நம்மையே பார்ப்பார். ஆணி அண்ணன் தன் வீட்டில் காலண்டரைக்கூட அப்படித்தான் சாய்த்து மாட்டியிருந்தார்.

அவருக்கு ஒரே மகள். கட்டினவன் கப்பலில் வேலை என்று போய், எந்தத் துறைமுகத்திலோ இன்னொருத்தியோடு இறங்கிவிட்டான். அப்பாவிடமே திரும்பி வந்த பெண், அப்பா ஏறுகிற ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு ஊரெல்லாம் கூடப் போவாள். நல்ல தோள். குடியிருப்பில் அவளுக்கு ஏணி என்று பெயர். ஆணியும் ஏணியும் கிளம்பிட்டாங்க என்று காலையில் சிரிப்போம். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

டிசம்பர் முப்பத்தொன்றில் அண்ணனுக்கு ரிட்டயர்மென்ட். கடைநிலை ஊழியர்களுக்கு எங்கள் நாட்டில் ஒரே ஒரு சலுகை இருந்தது. பணிப்பதிவேட்டில் ஒரு சிவப்பு மைக் கோடுகூட இல்லாமல் ரிட்டயர் ஆனால், வேலை பிள்ளைக்குப் போகும். வேலையோடு வீடும் போகும். இரண்டு அறை, தெருப் பக்கம் ஜன்னல், தனிக் குழாய். சிவப்புக் கோடு விழுந்தால் வேலையும் இல்லை, வீடும் இல்லை, மாதக் கடைசியில் சாமானோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். ஏணிக்கு இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு வழிதான். முப்பத்தாறு வருடத்தில் அண்ணன் ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை. இன்னும் பன்னிரண்டு மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் போதும்.

அந்தப் பன்னிரண்டு மாதம்தான் நாட்டுக்குக் கிறுக்குப் பிடித்தது.

ஜனவரியில் சுவரில் இருந்தவர் பெரியவர். இருபத்தாறு வருடமாக அவர்தான். புத்தாண்டுப் பேச்சில், நாட்டில் எல்லாம் நிறைய இருக்கிறது என்றார். மார்ச்சில் ரொட்டிக் கடை வரிசை தெருமுனையைத் திரும்பிப் போயிற்று. குறைவாகச் சாப்பிடுகிறவர்கள் அதிக நாள் இருப்பார்கள் என்று பெரியவர் வானொலியில் சொன்னார். ஜனங்கள் சதுக்கத்துக்குப் போனார்கள். அங்கே சுட்டார்கள். செத்தது எத்தனை பேர் என்பதற்கு அரசாங்கம் ஒன்று சொன்னது, ஊர் ஒன்று சொன்னது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த வாரம் தேய்த்து மடித்து வைத்த சட்டைகளில் நாலை வாங்கிப்போக ஆள் வரவில்லை. இரண்டு என் வீட்டுக்காரருக்குச் சரியாக இருந்தது.

ஏப்ரலில் பெரியவர் வயிற்று வலி என்று வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கேயே செத்தும் போனார். மறுநாள் காலை வானொலியில் அணிவகுப்பு இசை போட்டுவிட்டு ஒரு குரல் பேசியது. இனிமேல் அதுதான் எங்கள் குரலாம். குரலுக்குச் சொந்தக்காரர் ராணுவத்துக்காரர், மீசை, நெஞ்சு நிறையப் பதக்கம். எங்கள் குடியிருப்பில் அவருக்குச் சீருடை என்று பெயர் வந்தது. பெயரை யார் வைத்தது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

பத்து நாளில் நானூற்றுப் பன்னிரண்டு ஃபிரேமிலும் சீருடை வந்தாக வேண்டும், பழைய படங்களை எரித்துச் சான்றிதழ் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. இங்கேதான் சிக்கல். படத்துக்குப் பின்னால் ஒரு கெட்டி அட்டை இருந்தால்தான் படம் நிமிர்ந்து நிற்கும். இருபத்தாறு வருடத்தில் அட்டையெல்லாம் பூச்சி அரித்து மாவாகியிருந்தது. ஸ்டோரில் கேட்டால் அட்டை இல்லை, எழுதிக் கொடு, ஆறு மாதத்தில் வரும் என்றார்கள். சீருடையின் படமோ நாளிதழ்த் தாள் கனத்தில் அவசரமாக அடித்தது. பின்னால் ஒன்றும் இல்லாமல் வைத்தால் நடுவில் தொப்பை விழுந்தது. சீருடைக்குத் தொப்பை போட்டவன் என்ன ஆவான்? பெரியவரின் படமோ நல்ல கெட்டித் தாள், மேலே வழவழவென்று பூசியது. அண்ணன் அவரை எடுக்கவே இல்லை. அவர்மேலேயே சீருடையை வைத்து, கண்ணாடியை மூடி, பின்னால் டேப் ஒட்டிவிட்டார்.

எரித்தது பழைய சுற்றறிக்கைகளும் ஒரு கால் போன நாற்காலியும். படப்பிரிவு சூப்பிரண்டு, இரண்டாம் மாடிக்காரர், புகை ஒத்துக்கொள்ளாது என்று உள்ளேயே உட்கார்ந்து, 'என் முன்னிலையில் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் எரிக்கப்பட்டன' என்பதற்குக் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மேல் கையெழுத்து ஆணி அண்ணனுடையது.

இதையெல்லாம் அவரே என் மேசை முன்னால் நின்று, சட்டையை நீட்டிக்கொண்டே சொன்னதுதான்.

“எரிக்கவே இல்ல தங்கச்சி. எல்லா இடத்துலயும் பெரியவர்தான் இருக்காரு. முன்னாடி இவரு, பின்னாடி அவரு. தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேணும்ல?”

அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. நல்ல விஷயம் என்பதால் நாலு பேரிடம் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். கோர்ட்டில் வேலை செய்கிற மூன்றாம் மாடிக்காரி, அன்றிலிருந்து படத்தைப் பார்க்கும்போதெல்லாம் பின்னால் பெரியவர் மூச்சுத் திணறுவது கேட்கிறது என்றாள். சூப்பிரண்டிடம் மட்டும் நான் சொல்லவில்லை. அவர் கையெழுத்துப் போட்ட மனிதர், பாவம், சங்கடப்படுவார்.

ஜூலையில் ஒரு காலை சீருடை காரில் ஏறினார். கார் வெடித்தது. குண்டு வைத்தவர்களும் சீருடைக்காரர்கள்தான். அவர்களுக்குள் யார் அடுத்தது என்று மூன்று நாள் தெருவில் சுட்டுக்கொண்டு, முடிவாகாமல், ஒரு பல் டாக்டரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எல்லாரும் அவர் முன்னால் வாயைப் பிளந்து கிடந்தவர்கள். அவர்கள் யாருக்கும் எதிரி இல்லாத ஒரே ஆள் அவர்தானாம். ஒரு நோயாளியின் பல்லைப் பாதி அடைத்துக்கொண்டிருந்தபோது வந்து அழைத்துப் போனார்கள். அந்த நோயாளி மிச்சப் பல்லை எங்கே அடைத்துக்கொண்டான் என்றுதான் எனக்கு இன்றுவரை கவலை.

மறுபடியும் உத்தரவு, மறுபடியும் சான்றிதழ், ஸ்டோரில் மறுபடியும் அட்டை இல்லை. பெரியவர்மேல் சீருடை, சீருடைமேல் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற டாக்டர். “ஒருத்தர் முதுகுல ஒருத்தர் தங்கச்சி” என்றார் அண்ணன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. ரிட்டயர்மென்டுக்கு ஐந்து மாதம் இருந்தது.

அந்த வருடம் வெயிலும் மழையும் மாற்றி மாற்றி அடித்தன. செப்டம்பரில் ஆஸ்பத்திரிக் கூரை ஒழுகி ஒரு ஃபிரேமின் கண்ணாடி உடைந்தது. ஏணி தனியாகப் போய்க் கழற்றினாள். வந்தவள் நேராக என் மேசைக்குத்தான் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அத்தை, உங்க பெட்டில ஆவி வருதே, அது ஒட்டின தாளைப் பிரிக்குமா?”

எதற்கு என்று கேட்டேன். கேட்டால்தானே தெரியும். பெரியவர் படத்தின் வழவழப்பு ஈரத்தில் இளகி, முன்னால் இருந்த சீருடையின் முதுகில் அப்பிக்கொண்டிருக்கிறது என்றாள். இழுத்தால் பெரியவரின் முகம் கையோடு வருகிறது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் கெட்டில் ஆவியில் ஒரு மணி நேரம் காட்டிக் காட்டி, அந்த ஒன்றை மட்டும் சேதமில்லாமல் பிரித்தாளாம். மற்ற நானூற்றுப் பதினொன்றும் அப்படித்தான் இருக்கும்.

“யாருக்கும் தெரிய வேண்டாம் அத்தை. அப்பா ரிட்டயர் ஆகற வரைக்கும்.”

என்னை அத்தை என்று கூப்பிட்ட பெண். ஒட்டிப்போனதை உயிர் போனாலும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன் என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் தேர்தல். சீட்டை எப்படி மடிக்க வேண்டும் என்று சாவடியிலேயே கற்றுக் கொடுத்தார்கள். எதில் முத்திரை குத்துவது என்பதையும் சேர்த்தே கற்றுக் கொடுத்தார்கள். பெரியவரின் தம்பி சின்னவர், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாங்கி வந்தார். மிச்ச மூன்றில் எங்கள் குடியிருப்பார் யாரும் இல்லை. இதை எல்லாரும் எல்லாரிடமும் இரண்டு மூன்று தடவை சொன்னோம். பல் டாக்டர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, நிம்மதியாகத் தன் கிளினிக்குக்குத் திரும்பினார். அங்கே நாற்காலியில் அவருக்காகக் காத்திருந்தவர்கள் நோயாளிகள் இல்லை.

சின்னவர் பதவியேற்ற அன்று தன் அண்ணன் பெரியவரின் பெயரைச் சொல்லி அழுதார். அவருடைய படம் ஜனவரிக்குத்தான் அச்சாகி வரும் என்றார்கள், அதுவரை சுவரில் டாக்டரே சிரித்துக்கொண்டிருந்தார். நவம்பர் கடைசியில் சுற்றறிக்கை வந்தது. பெரியவரின் படங்கள் எங்கே? எரித்தது யார்? கையெழுத்துப் போட்டவர்களின் பட்டியல் வேண்டும். பக்கத்து ஊரில் சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருந்த ஒரு தலைமை ஆசிரியரைப் பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்தில் கொண்டுபோனார்கள். பிள்ளைகள் கை தட்டும்படி சொல்லப்பட்டுத் தட்டினார்களாம்.

அன்று மாலை சூப்பிரண்டு கோட்டைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். அவர் எப்போதும் வேலைக்காரியிடம் கொடுத்தனுப்புகிறவர். அக்குளில் ஈரம். மாடிப்படியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஆணிதாம்மா எரிச்சான். நான் உள்ளே உக்காந்திருந்தேன். கேட்டா நீயும் பாத்தேன்னு சொல்லுவேல்ல?”

நான் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். ஒரு மனிதர் கண்ணெதிரே நடுங்கும்போது பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? அதுவும் வீட்டு ஒதுக்கீட்டுக் கமிட்டியில் இருக்கிற மனிதர். எரிக்கவே இல்லை சார், பெரியவர் பத்திரமாக உள்ளேயேதான் இருக்கிறார், எல்லா ஃபிரேமிலும், என்றேன்.

அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவை சொன்னேன். ஒட்டிப்போனதைச் சொல்லவில்லை. ஏணி சொல்லாதே என்றது அதைத்தானே. படம் இருக்கிறது என்பதைச் சொல்லாதே என்று அவள் கேட்கவே இல்லை. நான் வாக்குத் தவறுகிறவள் இல்லை.

அன்றே அவர் அறிக்கை எழுதிவிட்டார். துரோகிகளின் காலத்தில், தன் உயிரையும் பொருட்படுத்தாமல், மாபெரும் தலைவரின் உருவப்படங்களை எதிரிகளின் முதுகுக்குப் பின்னாலேயே மறைத்துக் காப்பாற்றியதாக. ஆணி அண்ணன் அதில் 'என் கீழ்ப்பணியாளர் ஒருவர்' என்று வந்தார். மேலிடம் உருகிவிட்டது. டிசம்பர் பன்னிரண்டு, தலைமைச் செயலகப் பெரிய கூடம், சின்னவர் முன்னிலையில் முதல் ஃபிரேமைத் திறப்பது, டிவியில் நேரடி ஒளிபரப்பு. ஊரெங்கும் ஃபிரேம்களுக்கு அரக்கு முத்திரை வைத்துக் காவல் போட்டார்கள். விஷயம் ஆணி அண்ணன் காதுக்கு வந்தபோது காவல்காரர்களுக்கு முதல் வேளைச் சாப்பாடே அனுப்பியாகிவிட்டது.

மகள் சூப்பிரண்டிடம் ஓடினாள். ஒட்டிப்போயிருக்கிறது சார், மூன்று நாள் கொடுத்தால் ஆவியில் பிரித்துத் தருகிறோம் என்று கெஞ்சினாள். எனக்கு மேலே இருந்து மாடிப்படி வழியாக எல்லாம் கேட்டது. அவர் கதவைப் பாதி சாத்திக்கொண்டே பேசினார்.

“அறிக்கை மேலே போயாச்சு. மேலே போனது கீழே வராது. உங்கப்பன் முப்பத்தாறு வருஷம் கழட்டினவன்தானே, பக்குவமாக் கழட்டச் சொல்லு.”

பன்னிரண்டாம் தேதி பொது விடுமுறை. கடை கண்ணி எதுவும் இல்லை. காலை ஆறு மணிக்கு ஏணி என் மேசை முன்னால் நின்றாள். கூடத்தைத் துடைக்க அவளுக்குப் பத்து மணி வரை அனுமதிச் சீட்டு இருந்தது. காவலர்களில் ஒருவன் அவளோடு பள்ளியில் படித்தவன், ஒரு மணி நேரம் முதுகைக் காட்டி நிற்பான். பெரிய கூடத்து ஃபிரேம் கதவு அகலம், கெட்டில் ஆவி அதற்குப் பத்தாது.

“பெட்டியை மட்டும் குடுங்க அத்தை. ஒம்பதரைக்குத் திருப்பிக் கொண்டாந்துடுவேன்.”

எனக்கு அன்றைக்குப் பார்த்து எவ்வளவு வேலை. மேடைத் திரைச்சீலை மூன்று, விழாவுக்குப் போகிறவர்களின் சட்டை பதினேழு, சூப்பிரண்டின் கோட்டு.

“கோட்டு இன்னும் இருக்கேம்மா. ஒம்பது மணிக்கே ஆள் அனுப்பறேன்னாரு.”

“நானே வந்து தேச்சுத் தர்றேன் அத்தை. திரைச்சீலை எல்லாம் நான் தேச்சுத் தர்றேன். கால்ல வேணா விழறேன்.”

“கால்ல எல்லாம் விழாத. பெட்டி கை மாறினா சூடு நிக்காதும்மா. எனக்குச் சோறு போடற பெட்டி அது.”

அவள் கண் மட்டும் என் தலைக்கு மேலே, நுழைவாசல் பலகைக்குப் போய்த் திரும்பி வந்தது. அங்கே பார்க்க என்ன இருக்கிறது? பதினோரு வருடமாக ஒட்டியிருக்கிற ஒரு தாள். பிறகு தன் அப்பாவின் சட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதை நான் முதல் வேலையாகத் தேய்த்துக் கொடுத்தேன். அதற்குக் காசும் வாங்கவில்லை.

பகல் பன்னிரண்டுக்குக் குடியிருப்பே சூப்பிரண்டு வீட்டு டிவி முன்னால் இருந்தது. அவர் மனைவி அன்று எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அவள் தம்பியை, எங்கள் எல்லாருக்கும் அவன் மச்சான்தான், உறவே இல்லாதவர்களுக்கும், என் பக்கத்தில் உட்கார வைத்தாள். வேலை இல்லாமல் இரண்டு வருடமாக அக்கா வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்த பிள்ளை.

திரைச்சீலையில் ஒரு சுருக்கம் இல்லை. அதை முதலில் பார்த்தேன். சின்னவர் கறுப்பு உடையில் நின்றார். சூப்பிரண்டின் கோட்டு நன்றாக விழுந்திருந்தது. ஆணி அண்ணன் ஃபிரேமை மேசைமேல் கவிழ்த்து, டேப்பைக் கீறி, கட்டாக வெளியே எடுத்து நிமிர்த்தி வைத்தார். மேலே பல் டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். அவரை மூலையிலிருந்து மெல்ல உரித்தார். பாதி வந்ததும் சீருடையின் மீசை டாக்டரின் முதுகோடு வந்துவிட்டது. கூடத்தில் சிரித்தார்கள். சின்னவரும் சிரித்தார். எங்கள் அறையில் நாங்களும் நன்றாகவே சிரித்தோம்.

அடுத்தது சீருடை. அண்ணன் நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். கையைக் கால்சட்டையில் துடைத்தார். நகத்தைக் கொடுத்து, அங்குலம் அங்குலமாக, ஒரு குழந்தையின் காயத்துக் கட்டைப் பிரிக்கிற மாதிரி பிரித்தார். டிவியில் ஒரு சத்தம் கேட்டது, துணி கிழிகிற சத்தம்போல. அவர் நிறுத்தினார். சின்னவர் தொடரும்படி தலையசைத்தார். தொடர்ந்தார்.

மேசைமேல் மிஞ்சியது வெள்ளைத் தாள். அதில் இரண்டு காது இருந்தது, ஒரு கழுத்துப்பட்டி இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

சின்னவர் குனிந்து பார்த்தார். ரொம்ப மெதுவாகத்தான் கேட்டார்.

“அண்ணன் முகம் எங்கே?”

இங்கே வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரிந்திருந்தால் ஒருவேளை வேறு மாதிரி போயிருக்கும். முப்பத்தாறு வருடமாக மேலதிகாரி கேட்டால் சரியான பதில் சொல்லிப் பழகிய மனிதர். சீருடையைக் கவிழ்த்து, அதன் முதுகைக் காட்டினார்.

“இங்க ஒட்டியிருக்குங்க ஐயா.”

டிவியில் ஒரு நதி வந்தது. புல்லாங்குழல் இசையோடு நதி இரண்டு மணி நேரம் ஓடியது. நான் தேய்த்த திரைச்சீலை அதற்குப் பிறகு ஒரு நொடிகூட வரவில்லை.

சூப்பிரண்டு சுதாரித்துக்கொண்டார். தான் பத்திரமாக வைத்ததைப் பிரிக்கும்போது வேண்டுமென்றே கிழித்தான் என்று அந்த இடத்திலேயே சொன்னாராம். படத்தைக் காப்பாற்றியவர் அவர், கிழித்தவன் ஆணி. ஊரெல்லாம் ஃபிரேம்களைத் திறந்தார்கள். எல்லா இடத்திலும் பெரியவருக்கு முகம் இல்லை. ஒன்றில் மட்டும் முழுசாக இருந்தார். ஆஸ்பத்திரியில், ஏணி கெட்டில் ஆவியில் பிரித்தது. அதைத் தங்க ஃபிரேம் போட்டுச் சின்னவர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். சூப்பிரண்டுக்குப் பதக்கம் கிடைத்தது. குத்துவதற்கு முன்னால் அந்தக் கோட்டை நான்தான் மறுபடி தேய்த்தேன்.

அண்ணனின் பணிப்பதிவேட்டில், ரிட்டயர்மென்டுக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது, பக்கத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சிவப்புக் கோடு போட்டார்கள். அவரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று மகள் மூன்று சிறை வாசலில் நின்று கேட்டாள். இரண்டில் இல்லை என்றார்கள். மூன்றாவதில் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாத இடத்தில்தான் இருப்பார் என்று அவள் தினமும் அங்கேயே போய் நின்றாள். குடியிருப்பில் யாரும் அவளோடு மாடிப்படியில் சேர்ந்து இறங்குவதில்லை. எதிரே வந்தால் எதையோ மறந்த மாதிரி திரும்பி மேலே ஏறிக்கொள்வோம். எல்லாருக்கும் குழந்தை குட்டி இருக்கிறது.

டிசம்பர் முப்பத்தொன்று காலை அவள் வீட்டைக் காலி செய்தாள். ஒரு மணி நேரம் சுவரிலிருந்து ஆணி பிடுங்குகிற சத்தம் கேட்டது. ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பிறகு ஒரு பெட்டி, ஒரு மூட்டை, தோளில் ஏணி. ஏணி அரசாங்கத்துடையது என்று மச்சான் அதைப் படியிலேயே வாங்கிக்கொண்டான். அவள் கையில் மிஞ்சியது அப்பாவின் சட்டை ஒன்று, துவைத்தது, கசங்கியது. என் மேசைக்கு வந்தாள்.

“இன்னைக்குப் பெட்டி சும்மா இருக்கா அத்தை? சிறையில ஒரு துணி உள்ள வாங்கிக்கறேன்னாங்க. கசங்கியிருந்தா அப்பாவுக்குப் பிடிக்காது.”

நான் மனசாட்சி இல்லாதவள் இல்லை. ஆனால் அதற்குள் பிளக்கைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, பெட்டியைத் துணியில் கட்டியாகிவிட்டது.

“இப்பதாம்மா கட்டினேன். மேலே கொண்டுபோகணும்ல.”

அவள் தலையாட்டினாள். சட்டையை நாலாக மடித்து மார்போடு வைத்துக்கொண்டு, கையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே வாசலைத் தாண்டிப் போனாள். மத்தியானத்துக்குள் நாங்கள் சாமானை ஏற்றிவிட்டோம்.

நல்ல வீடு. தெருப் பக்கம் ஜன்னல் இருப்பதால் போகிற வருகிறவர்கள் எல்லாரும் தெரிகிறார்கள். சுவர் முழுக்க ஏழடி உயரத்தில் ஓட்டை ஓட்டையாக இருந்தது, என் வீட்டுக்காரர் சுண்ணாம்பு வைத்து அடைத்தார். தலை இடிக்காமல் நிமிர்ந்து நடப்பது முதல் வாரம் ஒரு மாதிரியாக இருந்தது. பழகிவிட்டது.

ஜனவரியில் சின்னவர் புத்தாண்டுப் பேச்சில், சென்ற வருடம் இந்த நாட்டில் நடந்தது எதுவும் பாடப்புத்தகத்தில் வராது என்றார். அது நடக்காத வருடம். ஆணியின் வேலை மச்சானுக்குக் கிடைத்தது. போன வாரம் நுழைவாசலில் சின்னவரின் படத்தை மாட்ட வந்தான். ஏழடியும் இல்லை, இரண்டு விரலும் இல்லை, கோணலாக ஏறி நின்றுகொண்டு என்னைத்தான் கேட்டான்.

“அக்கா, ஸ்டோர்ல அட்டை இல்லங்கறாங்க. பின்னாடி என்ன வைக்கிறது? படம் நடுவுல தொப்பை விழுது.”

எதையாவது வையுங்க தம்பி என்றேன். முகம் போன பெரியவர் தாள்களை மரியாதையோடு புதைக்கச் சொல்லி அவனிடம்தான் கொடுத்திருந்தார்கள். நானூற்றுப் பதினொன்று. நல்ல கெட்டித் தாள். அவன் பையிலிருந்து ஒன்றை உருவினான். இரண்டு காதும் ஒரு கழுத்துப்பட்டியும் தெரிந்தன. அதைச் சின்னவரின் முதுகில் வைத்து, டேப் ஒட்டினான். புதைத்ததற்கு மாமா முன்னிலையில் சான்றிதழ் கொடுத்தாயிற்று என்று அவனே சொன்னான். அவன் அக்காள் புருஷன் சூப்பிரண்டைத்தான் மாமா என்கிறான்.

பலகையில் புதுப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள், மூன்று அறை வீடுகளுக்கு. என் வீட்டுக்காரர் பெயர் ஏழாவது. மச்சான் பெயர் ஆறாவது. நான் அதைப் பற்றியெல்லாம் நினைப்பதே இல்லை. ஃபிரேமுக்குள் இருப்பதையும் யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.